பத்து மணிக்கு உதிரும் பஞ்சு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. ஃபேனை அமத்திப்போட்டு வாங்க, இது காத்துல சொல்ற கதையில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்றேன்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ரம்லா, காலை பத்து மணிக்குப் போனில் வீடியோ போட்டால், பார்க்கிறவர்களுடைய போன்களிலிருந்து இலவம்பஞ்சு உதிரும். கொஞ்சம்தான், ஒரு கைப்பிடிகூட வராது. சார்ஜர் மாட்டுகிற ஓட்டை வழியாக வருகிறது என்பார்கள் சிலர். இல்லை, கண்ணாடியேதான் கசிகிறது என்பார்கள் சிலர். இதற்காக யாரும் போனை மாற்றவில்லை.

ஆரம்பத்தில் பஞ்சும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. கொரோனா அடங்கிக் கடைகள் திறந்திருந்த சமயம். ரம்லாவின் வீட்டுக்காரர் முஸ்தபா மெத்தை தைப்பதில் கெட்டிக்காரர், நாலு வார்த்தை பேசி வியாபாரம் பண்ணத் தெரியாதவர். அப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு: மெத்தைக்காரர்கள் மேலாக நல்ல பஞ்சைப் பரப்பி, உள்ளே மில்லில் கூட்டிப் பெருக்கின கழிவுப் பஞ்சை அடைக்கிறார்கள் என்று. சில இடங்களில் அது நிஜமும்தான். தைத்து மூடிய பிறகு உள்ளே இருப்பதை யார் கண்டது? கடைக்கு வருகிறவர்கள் மெத்தையைக் குத்திப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், கடைசியில் முஸ்தபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஊட்ல கேட்டுட்டு வாரனுங்க என்று போய்விடுவார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

ரம்லாவின் தங்கை மகள் அஃப்ஷீன் அவினாசி ரோட்டில் ஒரு விளம்பர ஆபீஸில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், மூடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதைக் காட்டுங்கள் பெரியம்மா, தினமும் காட்டுங்கள், ஒரே நேரத்துக்குக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து ரம்லா பத்து மணிக்குப் போனைப் பிடித்தாள். வாய் திறந்த மெத்தை, உள்ளே வெள்ளை வெளேரென்று பஞ்சு, ஓரமாக முஸ்தபாவின் கை, குறுக்கே ரம்லாவின் துப்பட்டா முனை. "இது உக்கடம் சாஜித் ஊட்டு மெத்தைங்க. பார்த்துக்குங்க, மூடறோம்." அவ்வளவுதான் பேச்சு. பார்த்ததெல்லாம் சொந்தக்காரர்கள், அதிலும் பாதிப் பேர் ரம்லாவின் துப்பட்டா புதுசா என்று பார்த்தவர்கள். மழையிலும் போட்டாள், காய்ச்சலிலும் போட்டாள். ஆர்டர் இல்லாத நாளில், இன்னைக்கு மெத்தை இல்லீங்க என்று வெறுந்தரையைக் காட்டினாள்.

முதல் பஞ்சு உதிர்ந்தது பெரியநாயக்கன்பாளையத்தில், சுப்பாத்தாள் வீட்டில். சொந்தக்காரி இல்லாமலே பார்க்க ஆரம்பித்தவள் அவள். புளி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காய் மேல் வெள்ளையாக வந்து விழுந்தது. அவளுடைய வீட்டுக்காரர் அங்கப்பன் லேத் பட்டறை வைத்திருப்பவர், போனை வாங்கிக் குலுக்கிப் பார்த்து, சர்வீஸுக்குக் குடுக்கோணும் என்றார். சுப்பாத்தாள் அதை விரலில் உருட்டி, ஊதிப் பார்த்து, வேண்டாமுங்க, நல்ல பஞ்சு என்று சொல்லிவிட்டு மீதிக் காயை நறுக்கினாள். அடுத்த மாதத்துக்குள் மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் உதிர்ந்தது, சென்னிமலைப் போர்வைக் கடைகளில் உதிர்ந்தது, துபாயில் ஆறு பேர் தங்கியிருந்த ஒரு அறையில்கூட உதிர்ந்தது. அன்றன்றைக்கு எந்த மெத்தை மூடப்பட்டதோ அந்த மெத்தையின் பஞ்சே உதிரும். தொட்டுப் பார்த்தவர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். பின்னாளில் மகள் சைத்ராவுக்குக் கல்யாணம் கூடினபோது, சுப்பாத்தாளும் சீருக்குக் கட்டிலை வாங்கிப்போட்டு, மெத்தையை ரம்லாவிடம் சொன்னாள். இப்போது ரம்லாவை ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். ஆனாலும் துப்பட்டாவை விசாரித்த அந்தப் பத்துப் பதினைந்து பேரோடு கழிந்த காலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு டீ ஆறிப்போகும்.

இரண்டு வருசம் இப்படிப் போனது. அந்தத் தை மாதம் முஸ்தபாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். கல்யாண சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு வாரத்துக்கான வீடியோவை ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா, எல்லாரும் செய்வதுதான் என்றாள் அஃப்ஷீன். ஆஸ்பத்திரிக்கு அலையப்போகிறவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரே மெத்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டு, பேரை மாற்றி மாற்றிச் சொல்லி எடுத்தாள். அதில் ஒன்றில், "இது பெரியநாயக்கன்பாளையம் சைத்ரா கண்ணு மெத்தைங்க" என்றும் சொன்னாள்.

அந்த வாரம் எந்தப் போனிலும் ஒரு இழை உதிரவில்லை. கூப்பிட்டுக் கேட்டவர்களிடம் ரம்லா, நெட் சரியில்லை போலிருக்குங்க என்றாள். சைத்ராவின் மெத்தையைக் கூலிக்கு வந்த ஆள் தைத்து முடித்தார், டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கடையைக் கூட்டும்போது மூலையில் காலிச் சாக்கு ஒன்று கிடந்தது. ரம்லா உதறினாள். எண்ணெய்க் கறை, அறுந்த நூல், அழுக்குப் பிடித்த பஞ்சு. புதிதாகச் சரக்கு அனுப்பிய வியாபாரி கழிவைக் கட்டி அனுப்பியிருந்தான். கூலிக்கு வந்தவர் பிரித்துப் பார்க்காமல் அடைத்திருந்தார். அந்தச் சாக்கிலிருந்து அடைத்த மெத்தை ஒன்றே ஒன்றுதான், சைத்ராவினுடையது.

முஸ்தபா கண்ணில் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருந்தார். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம், சீர் வைத்த வீட்டில் போய் மெத்தையை அறுத்தால் அவர்களுக்குத்தானே அவமானம் என்றார். அதிலும் தப்பில்லை.

"பேர் சொன்னது நானுங்க," என்றாள் ரம்லா.

முஸ்தபா எழுந்து, தடவித் தடவி ஊசியும் நூலும் எடுத்துப் பையில் போட்டார். நல்ல பஞ்சு ரெண்டு மூட்டையோடு ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

கல்யாண வீட்டில் பந்தல்கால் நட்டாகிவிட்டது, சொந்தமெல்லாம் வந்து இறங்கியிருந்தது. பட்டுப் பாவாடைக் குழந்தைகள் அந்தச் சீர் மெத்தை மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. ரம்லா சுப்பாத்தாளை ஓரமாகக் கூப்பிட்டாள். ஏனுங்க்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு என்று ஆரம்பித்தாள். சுப்பாத்தாள் அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே தெரியும் அம்மிணி. எம் மக பேரைச் சொன்னீங்க, எம் போன்ல ஒண்ணும் உதிரலை. நீங்களே வருவீங்கன்னுதான் வாசலைப் பார்த்துட்டு இருந்தேன்."

"வரலீனா என்ன பண்ணியிருப்பீங்க்கா?"

"வேற மெத்தை வாங்கியிருப்பேன். அதுவா பெருசு?"

சரியாகப் பத்து மணிக்கு ரம்லா போனை அங்கப்பனிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சம்பந்தி வீட்டார் பார்க்க மெத்தையின் தையலைப் பிரித்தாள். இது சைத்ரா கண்ணு மெத்தைங்க, உள்ளே இருக்கறது கழிவுங்க, போன வாரம் நான் காட்டினது இது இல்லீங்க என்றாள். மேட்டுப்பாளையத்திலும் சென்னிமலையிலும் துபாய் அறையிலும் போன்களிலிருந்து கருப்பும் சாம்பலுமாகக் கொட்டியது. மில்லின் எண்ணெய் வாடை ரெண்டு நாள் போகவில்லை. திட்டினவர்கள் திட்டினார்கள், சிலர் அதோடு ரம்லாவைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் குனிந்து மெத்தைக்குள் பார்த்துவிட்டு, எங்க ஊட்டு மெத்தையும் இப்படித்தான் இருக்கும், காட்டத்தான் ஆளில்லை என்றார். பந்தலே சிரித்தது.

அன்றைக்கு மத்தியானம் பந்தலில் வைத்தே முஸ்தபா புது மெத்தை தைத்தார். கண் மறைத்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஊசிக்கு வழி காட்டினார்கள். சைத்ரா அதைத்தான் கொண்டுபோனாள். ரம்லா அடுத்த நாளும் பத்து மணிக்குப் போட்டாள், அதற்கடுத்த நாளும். சில நாள் ஒன்றும் உதிரவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை சுப்பாத்தாளின் ரசத்தில் ஒரு இழை மிதந்தது. அவள் கரண்டியால் அதை ஒதுக்கிவிட்டு, அங்கப்பனுக்கு ஊற்றினாள். நம்ம பக்கம் எல்லாரும் பத்து மணிக்கு ஃபேனை அமத்துவது அந்த இழை பறந்துபோகாமல் இருக்கத்தான், வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

போயிட்டு வாங்க கண்ணுகளா. உங்க ஊட்டுக் கட்டில்ல நோவு படுக்காம நல்ல தூக்கம் மட்டும் படுக்கட்டும். உங்களை நம்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கறவங்க ஏமாறாம இருக்கட்டும். புள்ளைகுட்டியோட நல்லா இருங்க சாமி.