ஊசி கேட்ட கையெழுத்து

பச்சை குத்தவும் வளையம் மாட்டவும் பெற்றவர் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலையிலிருந்து, அந்த ஊரில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தோலில் ஊசி இறங்கவில்லை. பச்சை குத்தும் கடைக்காரர் மூன்று ஊசிகளை மாற்றிப் பார்த்தார். மூன்றும் ஈர நூல் மாதிரி வளைந்தன. உதட்டில் வளையம் மாட்ட வந்த பெண்ணுக்கும் அதே கதைதான். பெற்றவர் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பக்கத்தில் வைத்தால் மட்டும் ஊசி சத்தமில்லாமல் உள்ளே போனது. தடுப்பூசி எப்போதும்போல இறங்கியது, அதில்தான் பிள்ளைகளுக்கு வருத்தம். கடைக்காரர் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் படிவத்தைக் கட்டுக்கட்டாக நகலெடுத்து வைத்துக்கொண்டார்.

கிடங்கில் மூட்டை தூக்குபவர் ஒருவர் அதே ஊரில் இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம், ஒரே மகள். நாற்பத்திரண்டு வயதில், சிமெண்ட் மூட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பழகியவர். பழகியதிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பார்சலைக்கூட வலியப் போய் வாங்கிக் கையெழுத்துப் போடுவார். தெருவில் அவருக்குப் பெயரே 'கையெழுத்து' என்றாகிவிட்டது. எழுத்துகள் பாரம் சுமப்பவை மாதிரி முன்னால் சாய்ந்திருக்கும். கடைசிப் புள்ளி மட்டும் எப்போதும் விட்டுப்போகும். இது தெருப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். "மாமா, இதுல ஒரு கையெழுத்து" என்று கடைப் படிவத்தை நீட்டுவார்கள். எதற்கென்று கேட்டால் "சும்மா, ஸ்கூலுக்கு" என்பார்கள். போடத்தான் அவருக்கு ஆசை, படிப்பது இன்னும் மேட்டில் ஏறுகிற வேலை. இரண்டு மாதத்தில் பத்தொன்பது பிள்ளைகளுக்குப் போட்டிருந்தார்.

யார் கையெழுத்துப் போட்டாரோ அவரையே பெற்றவர் என்று ஊசி எடுத்துக்கொண்டது. முதலில் பிள்ளைகளின் மூக்கு அவருடையதைப் போலச் சப்பையானது. பிறகு இடது தோள் இறங்கியது. பள்ளி விட்டதும் நேராக அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "அப்பா, பசிக்குது" என்றார்கள். வாசலில் நின்று கூப்பிட்ட அம்மாக்களிடம், "யாரைக் கூப்பிடுறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். தெருவே திரண்டு வந்தது. "போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்குய்யா" என்றார் ஒருவர். அதற்கு வழி இல்லை. இனி சாகும்வரை யாருக்கும் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எல்லார் முன்பும் வாக்குக் கொடுத்து, பேனாவைப் பரண்மேல் எறிந்தார்.

மறுவாரம் மகள் படிவத்தோடு வந்து நின்றாள். பதினாறு வயது. மறுகையில் நான்காக மடித்த நோட்டுத்தாள்.

"முடியாது. வாக்குக் கொடுத்துட்டேன்."

"ஊர்ப் பிள்ளைங்க பத்தொன்பது பேருக்குப் போட்டே. எனக்குன்னா மட்டும் உன் பேனா ஓடாதா?"

"நீ ஏற்கெனவே என் பொண்ணுதானே. உனக்கு எதுக்கு?"

"எதுக்குன்னு இப்பவாவது கேட்டியே" என்றாள். ஆனால் அவர் அதற்குள் சோற்றுத் தட்டுகளை எடுக்கப் போயிருந்தார். உள்ளே பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கிடங்கு மேஸ்திரியிடம் போனாள். பிள்ளை இல்லாத மனிதர்; கோபம் வந்தால் தும்முவார், மோவாயில் ஒரு குழி. முன்பின் கேட்காமல் போட்டுக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை சோறு ஆறிவிட்டதென்று முகத்தைச் சுளித்தவள் மூன்று முறை தும்மினாள். குழி விழ எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அப்பா காலையில் விழித்ததும் அவள் மோவாயைத்தான் பார்த்தார். ஒன்பதாம் நாள் பள்ளியிலிருந்து வந்தவள் வாசலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், மேஸ்திரி வீட்டுக்கு நடந்தாள்.

பரணிலிருந்து பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் படிவத்தை எடுத்துக் காட்டினார். பெற்றவர் கையெழுத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான். மேஸ்திரியின் கையெழுத்து அதை மூலைக்கு மூலை அடைத்திருந்தது.

"ஓரமா போட்டுக்கவா?"

"போடலாம்ணே. ஊசி ஓரத்தைப் பார்க்காது."

இருந்தும் போட்டுவிட்டு வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருடம் போனது, அவளுக்குப் பதினெட்டு நிரம்பியது, இனி அவள் தோலுக்கு யார் கையெழுத்தும் தேவைப்படாது.

ஒரு மதியம் மேஸ்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் கிடங்கு வாசலில் நின்றாள். தூக்குவாளியைக் கை மாற்றும்போது மணிக்கட்டு தெரிந்தது. பாரம் சுமப்பவை மாதிரி முன்னால் சாய்ந்த எழுத்துகள். அவர் முதன்முதலில் முழுசாக எழுதி முடித்த தன் பெயர். எழுத்துப் பழகிய நோட்டில் அந்தப் பக்கம் கிழிந்துபோனதை எலியின் வேலை என்று நினைத்திருந்தார்.

"யாரு பேரும்மா அது?"

"தெரியலை மாமா. எப்பவோ குத்தினது. அழிக்க மனசு வரலை."

"கடைசியில ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு."

"இருக்கட்டும் மாமா. அது அப்படித்தான்" என்று சொல்லி ஒரு தும்மல் தும்மினாள்.

அவர் தலையாட்டினார். வீட்டில் பத்தொன்பது பேர் பசியோடு வந்து உட்காரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார்.