யாருமில்லாத வகுப்புப் படம்

கடைப் பலகைகள் எழுதும் ஓவியருக்கும் அவருடைய மச்சானுக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. விளம்பர ஓவியம் முறையாகப் படித்தவர் என்று சொல்லித்தான் ஓவியர் பெண் கேட்டார். "மாப்பிள்ளை கரடி விடுறார்" என்று அன்றைக்குச் சொன்ன பெண்ணின் அண்ணன், தலை நரைத்த பிறகும் அதை விடுவதாயில்லை.

இப்போது, அந்த ஓவிய வகுப்பை நடத்திக் காலமான வாத்தியாரின் மகள் வீட்டை ஒழிக்கும்போது கிடைத்ததென்று பழைய வகுப்புப் படத்தை அனுப்பியிருந்தாள். ஓவியருக்குக் கால் தரையில் பாவவில்லை. பிரித்துக்கூடப் பார்க்காமல் மச்சானை வரவழைத்து, அவர் கண்ணெதிரேதான் உறையைக் கிழித்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். பெஞ்சுகள் இருந்தன, தூரிகை டப்பா இருந்தது, மூலையில் துடைப்பம்கூட இருந்தது. முன்னால் 'விளம்பர ஓவிய வகுப்பு' என்று எழுதிய சிலேட்டு. ஆள்தான் ஒருவரும் இல்லை.

"வகுப்பு இருந்திருக்கு மாப்ளே, ஒத்துக்கறேன். நீங்க எங்க?"

ஓவியருக்கு அப்போதுதான் நினைவு வந்து தொலைத்தது. படத்தில் தேவையற்றதை எடுக்கும் பாடம் அது. ஆளாளுக்கு ஒன்றை வண்ணம் பூசி மறைக்க வேண்டும், மறைத்த தடம் தெரியக்கூடாது என்றார் வாத்தியார். அவர் மனதில் இருந்தது துடைப்பம். முதல் ஆளோ படத்தில் தன் பக்கத்தில் நின்றவனை மறைத்தான். மறைந்தவன் சும்மா இருப்பானா? தன் முறை வந்ததும் இவனைத் தூக்கினான். இப்படிப் பழிக்குப் பழி நடந்த சந்தடி சாக்கில் வாத்தியாரையும் யாரோ கிளப்பிவிட்டார்கள். படம் கடைசியாக நம்மவர் கைக்கு வந்தபோது அதில் அவர் ஒருவர்தான் மிச்சம். அப்போதாவது துடைப்பத்தை எடுத்திருக்கலாம். படிப்பு தலைக்கேறிய மனுஷன், படத்தின் அழகுக்கு இடைஞ்சல் தானேதான் என்று முடிவுகட்டித் தன்னையே மறைத்துவிட்டார்.

இதைச் சொன்னதும் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மனைவி உள்ளே போய் ஈரத்துணியோடு வந்தாள். "பூசினதுதானே, துடைச்சா போயிரும். உங்க மூஞ்சி தெரிஞ்சா அண்ணன் வாயை மூடிரும்."

ஓவியர் படத்தைப் பார்த்தார். தான் நின்ற இடத்தில் இப்போது சுவர். காரை பெயர்ந்த திட்டும், ஜன்னல் வெளிச்சம் மெல்ல மங்கிப் போவதும் அவர் தீட்டியவை. அதற்கப்புறம் காலமெல்லாம் தள்ளுபடி விலைதான் எழுதினார். இப்படி ஒரு வேலை கைக்கு மறுபடி அமையவே இல்லை.

துணி படத்தைத் தொடப் போனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்தான் மச்சான். நான் அங்க படிக்கவே இல்ல."

மச்சான் இத்தனை காலம் காத்திருந்த சொல் அது. எழுந்து நின்று, "கேட்டியா?" என்றார் தங்கையிடம்.

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியைத் தூர வைத்துவிட்டு வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு பார்த்தாலும் நீங்க தெரியவே இல்லைங்க," என்றாள். "அப்படிப் பூசியிருக்கீங்க."