காத்திருக்க ஓர் ஆள்

1

எங்கள் தெருவில் உள்ள குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ‘அன்பே உருவான’ என்று தொடங்கியதுமே நிறுத்திவிட்டேன். அன்பு, அன்பு என்று சொல்லித்தான் எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டியிருந்தோம்.

2

(அம்மாவாக என்னை வைத்து எழுதத் தயக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியை வைக்கிறேன். அவள் மகளுக்குச் செல்லப்பெயர் பட்டாணி.)

ஒரு காலை, காப்பகத்தில் அக்கா இல்லை. துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாராம். புதிதாக வந்தவள் பத்துப் பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்க முடியாமல் ஓடிவிட்டாள். அடுத்து வந்தவளும் நிலைக்கவில்லை. பட்டாணி யாரிடமும் ஒட்டவில்லை, சாப்பிடவும் மறுத்தாள். அம்மா லீவு மேல் லீவு போட்டாள். இனியும் போட்டால் வேலை போய்விடும்.

3

அம்மா துணிக்கடைக்குப் போனாள். அக்கா கண் கலங்கி, “என் பிள்ளை மாதிரி ஆச்சே” என்று உடனே...

இல்லை. அக்கா அப்படிச் சொல்லவில்லை. சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

“பாப்பா உங்களையே தேடுது அக்கா.”

“எனக்கும்தான் தேடுது. அதுக்காக? பத்துப் பிள்ளைங்களுக்கு நான் ஒருத்தி. ஒண்ணைத் தூங்க வச்சா இன்னொண்ணு அழும். அதை அழவிட்டுட்டு இருக்க மனசு கேக்கலம்மா. இடுப்பு வேற போச்சு. இங்க பாருங்க, சட்டையை மடிச்சா மடிச்ச மாதிரியே இருக்கு.”

“சம்பளத்தைக் கூட்டச் சொல்றேன்.”

“கூட்டுங்க, வேணாம்னா சொல்றேன்? கூட இன்னொரு ஆளும் போடுங்க. மத்தியானம் கொஞ்ச நேரம் நான் காலை நீட்டி உட்காரணும். எல்லாத்துக்கும் காசு ஆகும். குடுப்பீங்களா?”

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பாசத்துக்கு விலை பேசுகிறாரே! பிறகு, தானும் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே வலிக்காமல் ஊசி குத்துகிறோம் என்று தோன்றியது.

4

காப்பகம் நடத்தும் டீச்சர் பெற்றோரைக் கூட்டினார். கட்டணத்தை ஏற்றியே ஆக வேண்டும் என்றார். அவர்களில் ஒருவரான பேக்கரிக்காரர் எகிறினார்.

“பிள்ளையைப் பாத்துக்க இவ்வளவா?”

அம்மா எழுந்தாள். “பத்துப் பேரை நீங்க ஒரு நாள் பாத்துக்கிறீங்களா?”

“ஐயோ, எனக்கு வீட்ல இருக்கிற ஒண்ணே தாங்கல.”

(இவரை வில்லனாக்க நினைத்திருந்தேன். எல்லாரையும் சிரிக்கவைத்துக் கெடுத்துவிட்டார். முதலில் சம்மதித்தவரும் அவர்தான்.)

5

அக்கா வந்தார், துணைக்கு இன்னொருத்தியும். பட்டாணி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள் என்று எழுத ஆசைதான். அவளோ கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அவசரப்படவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். மற்ற ஒன்பது பேரையும் பார்க்க ஆள் இருந்ததால் அவரால் காத்திருக்க முடிந்தது. இந்தக் காத்திருப்புக்குத்தான் நாங்கள் பணம் கட்டுகிறோம். என் நன்றியும் இதற்குத்தான்.

பட்டாணி எப்போது திரும்பிப் பார்த்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அவள் நிம்மதியாக வேலைக்குப் போயிருந்தாள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாக எழுதுங்கள், அக்கா உட்கார்ந்திருப்பார்.