பீரோவுக்குப் பின்னால் இருந்த பிழை

அந்த ஊரில் யாராவது பிழையாக எழுதிவிட்டால், பொழுது சாய்வதற்குள் அந்தப் பிழை எழுதியவரின் வீட்டுக்கு வந்துவிடும். மளிகைச் சீட்டில் எழுதினாலும் சரி, கல்யாணப் பத்திரிகையில் எழுதினாலும் சரி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, சோறு ஆகிவிட்டதா என்று அடுப்படிப் பக்கம் பார்க்கும். எழுதியவரின் சாயல் அப்படியே இருக்கும். அதே மூக்கு, அதே இருமல். எழுதியதைத் தேடிப்பிடித்துத் திருத்தினால் பிழையும் திருந்திவிடும். திருந்திய பிழையின் முகத்தில் யார் சாயலும் இருக்காது. அதற்கும் யாரையும் தெரியாது. எழுந்து நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய், திருந்தியவர்களுக்கென்று நிற்கும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளும். அதில் டிக்கெட் கிடையாது. எல்லா சீட்டும் நிறைந்தால்தான் பஸ் கிளம்பும். எங்கே போகிறது என்று பலகையில் எழுதவில்லை. எழுதி, அதில் ஒரு பிழை வந்துவிட்டால், அது டிரைவர் வீட்டுக்குப் போவதா கண்டக்டர் வீட்டுக்குப் போவதா என்று முடிவாகவில்லை.

விற்கிற அரிசி விலையில் எத்தனை பேருக்கு வடித்துப் போட முடியும்? அதனால் ஊர்க்காரர்கள் கவனமாகவே எழுதினார்கள். எழுதுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். எழுதிய பின் ஆற அமர இன்னொருவரிடம் படிக்கக் கொடுப்பார்கள். சந்தேகம் வந்தால் அந்த வார்த்தையையே விட்டுவிடுவார்கள். அப்படி விட்டு விட்டு, கடைசியில் ஏழெட்டு வார்த்தைகளை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டவர்களும் அங்கே உண்டு.

பூங்கோதைக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்குப் பிழையே வராது. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து அவள் எழுதி ஒரு பிழைகூட எந்த வீட்டு வாசலிலும் நின்றதில்லை. அவள் புருஷன் தணிகாசலம் அதற்கு நேர் எதிர். ரைஸ் மில்லில் மூட்டைகளின் மேல் பெயர் எழுதுகிற வேலை. கை நிறையப் பிழைகள். சாயங்காலம் அவன் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஒன்றிரண்டு தணிகாசலங்கள் வாசலருகே வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும். பூங்கோதை மூட்டையில் எழுதும் மைக்கட்டியை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்த் திருத்திவிட்டு வந்துதான் உலை வைப்பாள்.

“ஒரு வாய் தின்னுட்டுப் போவட்டுமே கோதை. மூஞ்சியப் பாரு, பாவமா இருக்குது” என்பான் தணிகாசலம்.

“தின்னா பழகிடும். அப்புறம் போவாது” என்பாள் அவள்.

மாசி மாதத்தில் தணிகாசலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. எடுத்துக்கொண்டுபோய் எரித்துவிட்டு, வந்த உறவுக்காரர்கள் தலைக்கு ஒரு காரணம் சொல்லிக் கிளம்பினார்கள். வீடு வெறிச்சென்று ஆனது. அப்போது பரணிலிருந்து ஒருவன் மெதுவாக இறங்கி வந்தான். தணிகாசலம்தான். ஆனால் அவர்கள் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த வயதில் இருந்தான், மீசை நரைக்காமல். பிழைகளுக்கு வயதாவதில்லை.

“பசிக்குது கோதை” என்றது பிழை.

புருஷன் தினமும் ஏன் தட்டில் அவ்வளவு சோறு போட்டுக்கொண்டு பரணுக்குக் கீழே போய் உட்கார்ந்தான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாமல் ஒன்றை மட்டும் ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறான். அவனை நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு ஆள் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.

எங்கே எழுதியதிலிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, அது சொல்லிவிட்டால், அவள் சும்மா இருக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். அது சாப்பிட்டுவிட்டு அவன் இருமும் இடத்தில் இருமியது. ரசத்தை அவனைப் போலவே உறிஞ்சிக் குடித்தது. வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்காக அவனோடு சண்டை போட்டவள், இப்போது ரசத்தை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

கருமாதி நெருங்கியது. செத்தவரின் பிழை வீட்டில் இருக்கும்வரை அந்த ஊரில் கருமாதி செய்ய மாட்டார்கள். ஆள் உள்ளே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது பிண்டத்தை யாருக்கு வைப்பது என்று ஐயர் கேட்பார், கேட்பதிலும் நியாயம் இருந்தது. அதற்காக ஊர்த் திருத்தக்காரர் ஏகாம்பரம் சாந்துச் சட்டியும் கரணையுமாக வந்தார். அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிழையைப் பார்த்து, வழக்கம்போல வணக்கம் வைத்தார்.

“எங்கக்கா எழுதி வெச்சிருக்காரு?”

“எனக்குத் தெரியாது.”

“கெடைக்கலன்னா ஒன்னும் செய்ய முடியாது. அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும். கருமாதி நடக்காது, அவ்வளவுதான்” என்றார் ஏகாம்பரம்.

நடக்காவிட்டால் போகட்டும் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஏகாம்பரம் தகரப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார், காலண்டர்களைப் புரட்டினார், பாத்திரங்களில் வெட்டியிருந்த பெயர்களைக் கூடப் படித்தார். கடைசியாகப் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தினார். பூச்சு ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறிய இரண்டு வரிகள் அங்கே இருந்தன. அவள் பெயரும் அவன் பெயரும், இருவரும் இந்த வீட்டில் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்பதும். பூங்கோதை அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஏகாம்பரம் உரக்கப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“இது சரியாத்தான் இருக்குது. வேற எங்கியோதான் இருக்கணும். நான் வரேன்க்கா.”

சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். பூங்கோதை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் தப்பாக எழுதியிருப்பதை ஒருவர் சரி என்று சொல்லிவிட்டுப் போவதை அவளால் எந்தக் காலத்திலும் தாங்க முடிந்ததில்லை.

“ஏகாம்பரம், நில்லுப்பா. நல்லாப் பாரு” என்று அவள் வாய் சொன்னது. அவள் விரல் தானாகவே சுவருக்குப் போய், இரண்டாவது வரியின் நடுவில் சரியான இடத்தில் நின்றது.

“அட, ஆமா” என்றார் ஏகாம்பரம்.

கரணையால் அந்த ஓர் எழுத்தைச் சுரண்டிவிட்டு, புதுச் சாந்து பூசி, ஆணியால் ஒழுங்காக எழுதினார். அடுப்படியில் ரசம் உறிஞ்சும் சத்தம் நின்றது. பிழை எழுந்து கையைக் கழுவியது. மீசை இருந்தது, மூக்கு இருந்தது, ஆனால் அவை யாருடையவையாகவும் இல்லை. பூங்கோதை குறுக்கே நின்றாள். அது அவளைப் பார்த்து, வழி தெரியாத ஊரில் ஒருவர் கேட்பதைப் போல, “பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?” என்று கேட்டது. அவள் கையைக் காட்டினாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது.

அன்று முழுவதும் அவள் உட்கார்ந்து எழுதினாள். அவன் எழுதுவது போலவே கோணலும் மாணலுமாக, பக்கம் பக்கமாகப் பிழை செய்தாள். வாசலில் விளக்கேற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. தெரிந்தே செய்வது பிழைக் கணக்கில் சேராது. அவளுக்கோ தெரியாமல் ஒரு பிழை செய்யத் தெரியவில்லை. முட்டி மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

கருமாதி நன்றாக நடந்தது. ஐயர் எள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு, “சம்சாரம் எங்கே? சீக்கிரம் வரச் சொல்லுங்கோ” என்றார். அவள் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“நாந்தாங்க சாமி.”

“ஓ, சரி சரி” என்று அவர் மந்திரத்தைத் தொடர்ந்தார். பந்தியில் பக்கத்து வீட்டு ருக்குமணியும் அவள் பரிமாறிய பாயசத்தை வாங்கிக்கொண்டு, “இந்த வீட்டுக்காரம்மா எப்படி இருக்காங்க? நல்லாத் தாங்கிக்கிட்டாங்களா?” என்று அவளிடமே விசாரித்தாள். தாங்கிக்கொண்டாள் என்று பூங்கோதை சொன்னாள்.

மறுநாள் காலை வீட்டைப் பூட்டிச் சாவியைச் சன்னலில் வைத்துவிட்டு, அவள் பஸ் நிலையத்துக்குப் போனாள். ஊரில் இப்போதெல்லாம் எல்லோரும் கவனமாக எழுதுவதால் பஸ் நிறைவதற்கு நாளாகிறது. அது இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. உள்ளே எல்லோரும் மடியில் கை வைத்து நேராக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இருமவில்லை. சன்னலோரமாக அவன் இருந்தான். பக்கத்து சீட் மட்டும் காலியாக இருந்தது.

அவள் உட்கார்ந்தாள். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். கண்டக்டர் வந்ததும் அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை நீட்டினாள்.

கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார்.

“உள்ள வைங்கம்மா. இதுல டிக்கெட் இல்ல” என்று சொல்லிவிட்டு, சீட் எல்லாம் நிறைந்துவிட்டதால் விசில் ஊதினார்.