இன்னும் இரண்டு வருஷத்துக்கு வாரண்டி

காரின் வாரண்டி அந்த டிசம்பரோடு முடிகிறது என்று சர்வீஸ் சென்டரிலிருந்து ரெமிஜியஸுக்குப் பல தடவை போன் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் "அப்புறம் பாக்கலாம் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். கடைசியில் அவர்கள் மகள் எல்சியின் நம்பரைத் தேடிப் பிடித்தார்கள். எல்சி ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கிறிஸ்துமஸ் லீவுக்கு அப்போதுதான் தனியாக வந்து இறங்கியிருந்தாள். பிள்ளைகளுக்கு டியூஷன், கணவன் டேவிட்சனுக்கு லீவு இல்லை.

வாரண்டியை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்க வேண்டுமானால் இந்த வாரமே வண்டியைக் கொண்டுவர வேண்டும், முழுதாகப் பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் நீட்டிப்பார்கள் என்று போனில் பேசிய பையன் சொன்னான். டேவிட்சனிடம் கேட்டதற்கு, ஷெட்டிலேயே நிற்கிற வண்டிக்கு வாரண்டி எதற்கு என்றான். எல்சிக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தக் காரை அவர்கள் வாங்கிக் கொடுத்ததே அம்மாவுக்காக. அமலோற்பவத்துக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. வண்டி வந்து ஒரு வருஷம்கூட அவள் இருக்கவில்லை. அவள் போனபிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் எப்போதாவது அம்மாபேட்டைக் கடைத்தெருவுக்கும் எடுப்பதோடு சரி என்று அப்பா போனில் சொல்லியிருந்தார்.

ஆனாலும் ஒரு எட்டுப் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று எல்சி கிளம்பினாள். ரெமிஜியஸுக்கு அதில் இஷ்டமில்லை. இன்றைக்கு வேண்டாம், மழை வரும் போலிருக்கிறது என்றார். வானம் வெளுத்துக் கிடந்தது. பிறகு சாவியை அவளிடம் நீட்டி, "நீயே ஓட்டும்மா" என்றார். 

தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் அவரை ஏ.சி. அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். பாசித் என்ற அந்தப் பையன் ஐயம்பேட்டைக்காரன், மரியாதை தெரிந்தவன். சிறிது நேரம் கழித்து எல்சியை மட்டும் உள்ளே கூப்பிட்டான். காரை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அடியில் களிமண் அப்பி, காய்ந்து, அதன்மேல் மறுபடி அப்பியிருந்தது. வைக்கோலும் கோரைப்புல்லும் சிக்கித் தொங்கின. இடது பக்கம் நெடுக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கீறல்கள்.

"மேடம், வண்டி வாடகைக்கு ஓடுதுங்களா?" என்று பாசித் தயங்கிக் கேட்டான்.

இல்லை என்றாள். அவன் மீட்டரைக் காட்டினான். தினமும் தஞ்சாவூருக்குப் போய்த் திரும்புகிற வண்டிதான் அவ்வளவு ஓடியிருக்கும். எல்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன ஓட்டத்தைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

என்ஜின் நன்றாக இருக்கிறது, கிளட்ச்சை மட்டும் மாற்றவேண்டும், இப்படி ஓடுகிற வண்டிக்கு வாரண்டியைக் கண்டிப்பாக நீட்டித்துவிடுங்கள் என்று பாசித் சொன்னான். வயல் பாதையில், வாய்க்கால் கரையில் எல்லாம் போகிறதுபோலத் தெரிகிறது, வேறு யாராவது எடுக்கிறார்களா என்றும் கேட்டான். எல்சி இரண்டு நாளில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்பா வண்டியை யாருக்கோ இரவல் கொடுக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். திரும்பும் வழியில் கேட்டபோது, "கோயில் பங்குச் சாமியார் சில சமயம் எடுப்பார்" என்றார். சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுபது வயதுவரை ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் ஏ.இ.யாக, உதவிப் பொறியாளராக இருந்து ரிட்டையர் ஆனவர். மதகைத் திறந்து தண்ணீர் விடுகிற விஷயத்தில் மந்திரியின் ஆட்கள் வந்து நின்றபோதும் உள்ளதைத்தான் சொன்னார் என்று ஊரில் இன்றைக்கும் பேசுவார்கள்.

அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்துவிட நினைத்து, சாலியமங்கலம் வந்ததும் எல்சி ஓரமாக நிறுத்தினாள். தலை வலிக்கிறது, நீங்கள் ஓட்டுங்கள் என்றாள். அவர் மறுப்பார் என்று நினைத்தாள். மறுக்கவில்லை. இறங்கி வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு, அழகாக எடுத்தார். மாட்டு வண்டி, டிராக்டர், குறுக்கே வந்த ஆடு, எதற்கும் பதறவில்லை. எல்சிக்கு மனசு கொஞ்சம் லேசானது. வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று தோன்றியது.

அம்மாபேட்டையில் மெயின் ரோட்டை விட்டுத் தெற்கே திரும்பினார். வீடுகளின் வாசலில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. கடைசி வீடும் போய், இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றது. வாய்க்கால் பாலம் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே அவர் வண்டியை நிறுத்தினார்.

எதிரில் ஒன்றும் வரவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இடது பாதையைப் பார்த்தார். வலது பாதையைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி எல்சியின் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அவள் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.  பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது.

"அப்பா," என்றாள். "வலது பக்கம்ப்பா."

அவர் வலது பக்கம் திருப்பினார். கொஞ்ச தூரம் போய், களத்து மேட்டோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தி என்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"வழி தெரிய மாட்டேங்குதும்மா," என்றார்.

எல்சி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவரே சொன்னார்.

"கோயிலுக்குன்னுதான் கெளம்புவேன். எங்கயோ ஒரு திருப்பம் தப்பிடும். அப்புறம் எல்லாம் ஒரே பச்சையா இருக்கு. யார்கிட்டயாச்சும் கேக்கலாம். ஆனா இந்தச் சுத்து வட்டாரத்துல என்னைத் தெரியாதவன் யாரு? ஏ.இ. ஐயா வழி கேக்குறாருன்னா என்ன நெனைப்பான்? அதனால ஓட்டிக்கிட்டே இருப்பேன். ஏதாவது ஒரு கோபுரம், ஒரு ஆத்துப் பாலம், தெரிஞ்ச மாதிரி வந்துடும். அதப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். ஒருநாள் ஒண்ணுமே பிடிபடல. நாகப்பட்டினம் போயிட்டேன். கடல் வந்தப்புறந்தான் வண்டிய நிறுத்துனேன்."

"எப்பலேருந்துப்பா இப்படி?"

"உங்கம்மா இருக்கையிலயே. அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டுச் சொல்லிடுவா. இங்க திரும்புங்க, அங்க திரும்புங்கன்னு. ஒருநாளும் ஏன்னு கேக்கல. வெளியில ஒரு ஆளுக்கும் காட்டிக்கல."

எல்சிக்கு அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம், நடு நடுவே "லெஃப்ட்ல போங்க", "பாலத்துக்கு முன்னாடியே திரும்புங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள். பாவம் அப்பா, உடம்பு முடியாத நிலையிலும் இவள் அவரை ஓட்ட விடாமல் தொணதொணக்கிறாளே என்று எல்சி நினைத்துக்கொள்வாள். ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியும் இருக்கிறாள், அப்பாவுக்குத் தெரியாத வழியா அம்மா என்று. அதற்கு அமலோற்பவம் ஒன்றும் சொல்லவில்லை. ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, துவண்டு, சீட்டில் சாய்ந்து வருகிறவள் கண்ணை மூடாமல் வீடு வரை வழி சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள்.

அன்றைக்கு மீதி வழியை எல்சி ஓட்டினாள்.

மறுநாள் தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அவரிடம் சில கேள்விகள் கேட்டார். வெண்ணாற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால்களைச் சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பார். டாக்டர் அதைக் கேட்கவில்லை. என்ன மாதம், என்ன கிழமை என்று கேட்டார். ரெமிஜியஸ் கிழமையைத் தப்பாகச் சொன்னார். இந்த மறதி இனிமேல் கூடத்தான் செய்யும், மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று டாக்டர் எல்சியிடம் தனியாகச் சொன்னார்.

ஷார்ஜாவுக்கு வந்துவிடுங்கள் என்று அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். போன தடவை வந்திருந்தபோதே, அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில் எல்லாக் கதவும் ஒன்றுபோல இருக்கிறது என்று அவர் வேறு வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். அன்றைக்கு எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது அவர், "அங்க வந்து நான் என்னம்மா பண்ணுவேன்" என்றதோடு பேச்சு முடிந்தது. வேலையை விட்டுவிட்டு வருவதைப் பற்றி டேவிட்சனிடம் பேசினாள். பிள்ளைகளின் படிப்பு, அங்கே வாங்கியிருக்கிற கடன் என்று அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

அப்போதுதான் இராஜாங்கத்தின் நினைவு வந்தது. அப்பா வேலையில் இருந்த காலமெல்லாம் ஆபீஸ் ஜீப் ஓட்டியவர். பக்கத்துத் தெருதான். ரிட்டையராகி வீட்டில் இருக்கிறார். எல்சி போய் விஷயத்தைச் சொன்னாள். "ஐயாவுக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும், டாக்டரிடம் போகவும், எப்போது கூப்பிட்டாலும் தானே ஓட்டுவதாகச் சொன்னார்.

வண்டி ஓடப்போகிறது என்று ஆனதும் வாரண்டி விஷயத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. எல்சி பாசித்துக்குப் போன் செய்து இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துவிடச் சொன்னாள். கிளட்ச் மாற்றி, கீறல்களை மறைத்து, கழுவித் துடைத்து, புது வண்டிபோலக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல முடிவு எடுத்தோம் என்று அவளுக்கு இருந்தது. டேவிட்சனும் சரி என்றான். சாவியை அப்பாவிடம் கேட்டபோது அவர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். இராஜாங்கம் ஓட்டுவார் என்றதற்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இராஜாங்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து காரைத் துடைத்து வெளியே நிறுத்தினார். ரெமிஜியஸ் வேட்டி சட்டையோடு, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முன் சீட்டுக் கதவை இராஜாங்கம் திறந்து பிடித்தார். அந்தக் காலத்தில் ஜீப்பில் அவருக்கு அதுதான் இடம். கதவருகே வந்தவர் அப்படியே நின்றார்.

"நீ போயிட்டு வாம்மா," என்றார். "எனக்கு இன்னைக்கு வேணாம்."

உடம்புக்கு என்ன என்று எல்சி கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். இராஜாங்கம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். எல்சி விடவில்லை. இராஜாங்கம் அண்ணன் ஓட்டி எத்தனை வருஷம் போயிருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன வந்தது என்றாள்.

ரெமிஜியஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவன் ஓட்டுவான், நான் வழி சொல்லுவேன். மழை வெள்ளத்துல, கரை ஒடைஞ்ச எடத்துக்கெல்லாம் நான் சொன்ன பக்கந்தான் திருப்பியிருக்கான். இப்ப அவனுக்கு வழி தெரியும், எனக்குத் தெரியாது. அவன் பக்கத்துல எப்படிம்மா நான் உக்காருவேன்?"

பின் சீட்டில் உட்காரலாம் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் உள்ளே போய் வேட்டியைக் கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பூசைக்கு அன்று யாரும் போகவில்லை.

எல்சியின் லீவு முடிந்தது. சமைத்துப் போட ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தாள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு இராஜாங்கம்தான் அந்தக் காரில் அழைத்துப்போனார். பெட்டியை ஏற்றியதும் ரெமிஜியஸ் கேட் வரை வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. அவள் நெற்றியில் சிலுவை போட்டார்.

"நீ கவலப்படாமப் போம்மா," என்றார். "நான் இனிமே எங்கயும் தொலஞ்சு போக மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு ரெமிஜியஸ் கேட்டைத் தாண்டவில்லை. தவக்காலம் வந்தது, பங்குச் சாமியாரே வீட்டுக்கு வந்து அப்பத்தை நாவில் வைத்து நன்மை கொடுத்துவிட்டுப் போனார். ஊர்க்காரர்கள் யாராவது பார்க்க வந்தால் பேசினார். கொஞ்ச நாளில் பேச்சும் குறைந்தது. டாக்டரிடம் போகவேண்டும் என்று எல்சி போனில் மன்றாடினால், ஆகட்டும் என்பார். கார் வந்து நின்றால் வேண்டாம் என்பார்.

ஞாயிறுதோறும் இராஜாங்கம் வந்துகொண்டுதான் இருந்தார். ஷெட்டைத் திறந்து, என்ஜினைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய் ஐயாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொள்வார். இருவரும் அதிகம் பேசுவதில்லை என்று சமையல்காரப் பெண் எல்சியிடம் சொன்னாள்.