முள்ளெலிக்கு வைத்த தண்ணீர்

1
பக்கத்து வீட்டுக் கூரையில் பாதித் தோல் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முள்ளெலியின் தோல். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. திருட்டுக் கதைதான், ஆனால் அந்த வீட்டு ஸல்ஹாவிடம் கேட்டுத்தான் திருடினேன்.

2
பாலைவனத்தில் சூரியன் தீக்குழம்பாய்...

(அடித்துவிட்டேன். இங்கே பிறந்தவன் வெயிலைப் பற்றி இப்படியா எழுதுவான்?)

கோடையில் ஸல்ஹாவின் முற்றத்துக்கு ஒரு முள்ளெலி வந்து சேர்ந்தது. தேளைக் கொடுக்கோடு மென்றுவிடும் பிராணி. அவளுடைய சின்ன மகள் யம்னா அந்திதோறும் அதற்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். முற்றத்தில் வெறுங்காலோடு ஓடினாள்.

3
பிறகு யம்னாவுக்குக் காய்ச்சல். மணற்காற்றில் சாலை மூடிவிட்டது. இறங்காத காய்ச்சலுக்கு நாங்கள் முள்ளெலித் தோலைக் கரியில் போட்டுப் புகை காட்டுவோம்.

"அது நம்ம வீட்டுக் காவக்காரன்டி," என்றான் கணவன் தீஜானி. "காத்து அடங்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்."

"அதுக்குள்ள பிள்ள அடங்கிட்டா? நீ அறுக்கிறியா, நான் அறுக்கவா?"

முள்ளெலி சுருண்டுகொண்டது. தண்ணீர் பட்டால் பிரியும். தீஜானி யம்னாவின் கிண்ணத்திலிருந்தே ஊற்றினான்.

(காய்ச்சல் தானாகத்தான் இறங்கியது என்று முதலில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் ஸல்ஹாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது நீங்களாண்ணே, நானா? உங்களுக்கென்ன, நோகாம எழுதிருவீங்க."

அந்த வரியை எடுத்துவிட்டேன். காய்ச்சல் இறங்கியது. மிச்சத் தோலை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்.)

4
"அது எங்கம்மா?" என்று கேட்ட யம்னாவிடம், "வெளிய போயிருக்கு, வந்துரும்," என்றாள் ஸல்ஹா.

அதனால் யம்னா இன்னும் தண்ணீர் வைக்கிறாள். கிண்ணத்தை எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை.

5
ஒரு முடிவு: தீஜானி வேறொரு முள்ளெலியைப் பிடித்து வருகிறான். (தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.)

இன்னொரு முடிவு: யம்னாவின் விரல் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்...

இதை எழுத மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

6
கிண்ணத்தின் அடியில் மண் ஈரமாக இருக்கிறது. ஈரத்தைத் தேடி ஒரு தேள் வந்து ஒடுங்கியிருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்தது நான்தான். எழுதுகிறவனுக்கு அது சுலபம். ஆனால் அதைத் தின்ன இப்போது முற்றத்தில் ஒன்றுமில்லை, நான் நினைத்தால் வந்துவிடாது.

யம்னா வெறுங்காலோடு வருகிறாள். பழைய தண்ணீரைக் கொட்டுவதற்காகக் குனிந்து, கிண்ணத்தின் அடியில் விரல்களை நுழைக்கப் போகிறாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எனக்குக் குரல் வரவில்லை. அவள் பெயர் உங்களுக்குத் தெரியும், கூப்பிடுங்கள்.