காப்புக் கட்டின எட்டு நாள்

எம்பேரு சுருளியாண்டி. சின்னமனூர்ல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். எனக்கு வாய் நீளம், கோவமும் சாஸ்தி. ஆனா பேச வேண்டிய இடத்துல ஒரு தடவ வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அதத்தேன் சொல்லப் போறேன். கேட்டுட்டுக் காறித் துப்பணும்னு தோணுச்சுன்னா துப்பிக்கங்க.

கல்யாணமாகி ஏழு வருசம் எங்களுக்குப் புள்ள இல்ல. ஊர்க் காளியம்மனுக்கு நேந்துக்கிட்டேன், புள்ள பெறந்தா மூணு வருசம் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுக்கிறேன்னு. திருவிழாவுக்கு நாலு நாள் முந்தி ஓவியா பெறந்தா. எம்பொண்டாட்டி மாயக்காள் தாயில்லாப் புள்ள, அதனால ஆஸ்பத்திரியில இருந்து நேரா எங்க வீட்டுக்குத்தேன் கூட்டியாந்தேன். கெளம்புறப்ப நர்சம்மா புள்ள கண்ண விரிச்சுப் பாத்துட்டு, லேசா மஞ்சளாத் தெரியுது, ரெண்டு நாள்ல கட்டாயம் கொண்டாங்கன்னு சொன்னாக. ரத்தம் பாக்கணுமாம். மஞ்ச கூடியிருந்தா ரெண்டு நாள் தங்க வச்சு நீல லைட்டுக்கு அடியில போடணுமாம். சரி சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்.

மறுநா காப்புக் கட்டு. பிரசவத் தீட்டு இருக்கு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு பூசாரி கருத்தக்கண்ணன் சொல்லத்தேன் செஞ்சாரு. நான் விட்டேனா? அம்மன் குடுத்த புள்ளைக்கு அவகிட்டயே என்ன தீட்டுன்னு வாதாடி, மல்லுக்கட்டி, மஞ்சக் கயிறக் கட்டிக்கிட்டு வந்தேன். கயிறு கட்டினா எட்டு நாளைக்கு அந்த வீட்டு ஆளுக ஊர் எல்லைக்கு அங்கிட்டு ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்கன வேணும்னாலும் போகலாம், பொழுது சாய வீட்டுல இருக்கணும். எங்க ஊர்ல அதுதேன் வழக்கம்.

கயிறு கட்டின மூணாம் நாள் மாயக்காள் கோயிலுக்கே வந்து நின்னா. பச்ச ஒடம்புக்காரி, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு, புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னா. புள்ளைக்கு வயிறு, கால் வரைக்கும் மஞ்ச ஏறிருந்துச்சு. காலையில இருந்து பால் குடிக்கல, தட்டி எழுப்பினாலும் தூங்குது, இப்பவே போவோம்னு கெஞ்சினா. எனக்கும் பக்குனுதேன் இருந்துச்சு. ஆனா ஆஸ்பத்திரி எல்லைக்கு அங்கிட்டு, போனா ராத்தங்கச் சொல்வாக. அத்தனை பேர் முன்னாடி வாதாடிக் கட்டின கயிறு கையில கெடக்கு. வெயில்ல காட்டு, சரியாப் போகும்னு அதட்டி அனுப்பிட்டேன். மாட்டேன்னு சொல்லத் தெரியாதவ, அழுதுக்கிட்டே போனா.

ரெண்டு நாள் கழிச்சு, தீச்சட்டிய எறக்கி வச்சுட்டு வீட்டுக்குள்ள நுழையுறேன், புள்ள வில்லு மாதிரி பின்னால வளைஞ்சு கெடக்கு. அந்த அழுகச் சத்தம் இன்னும் எங்காதுல இருக்கு, பூனை கத்துற மாதிரி கீச்சுன்னு. அப்பத்தேன் தூக்கிக்கிட்டு ஓடினேன். உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டாக.

உசுர மட்டுந்தேன். ஒரு வயசாகியும் கழுத்து நிக்கல. கையும் காலும் முறுக்கிக்கிட்டே கெடந்துச்சு. ரெண்டாம் வருசக் காப்பும் கட்டினேன், அம்மன் பாத்து எந்திரிக்க வப்பான்னு. ஒண்ணும் நடக்கல. அப்புறந்தேன் தேனியில ஜெபராணி டாக்டரம்மாகிட்டக் கொண்டு போனோம்.

தலைய ஸ்கேன் எடுத்து, படத்த வெளிச்சத்துல வச்சுக் காட்டினாக. மேல மடிப்பு மடிப்பா இருக்கிறதுதேன் யோசிக்கிற மூளையாம், அது நல்லாருக்காம். பின்னால அடியில சின்னதா ஒண்ணு, நடையில தடுமாறாமப் பாத்துக்கிறது, அதுவும் இருக்கு. நட்ட நடுவுல, ஆழத்துல, ரெண்டு பக்கமும் புளியங்கொட்டை அளவுக்கு ரெண்டு இடம் வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. கைய நீட்டுன்னு மேல் மூளை சொன்னா, எவ்வளவு நீட்டணும், எங்க நிப்பாட்டணும்னு பக்குவம் பாக்கிறது அந்த எடமாம். மஞ்ச அங்கன போய்த் தேங்கிருச்சாம். பெரியவுகளுக்கு ரத்தத்துல மஞ்ச ஏறினாலும் மூளைக்குள்ள விடாம ஒரு காவல் இருக்கு, பச்சப்புள்ளைக்கு அது இன்னும் உறுதியாகியிருக்காதுன்னாக. பெறக்கும்போது மூளை பெரியவுக மூளையில காவாசிதேனாம். நரம்புக்கு மேல ஒறை ஏறுறதே பெறந்ததுக்கு அப்புறந்தேன் பெரும்பாலுமாம். எனக்கு வெளங்கிருச்சு. கம்பிக்கு ஒறையாப் பூசுற வார்னிஷ் காயாத காயில்ல தண்ணிய விட்ட கதைதேன்.

டாக்டரம்மா ஃபைல மூடிட்டுக் கேட்டாக.

“ரெண்டு நாள் நீல லைட்டுல வச்சிருந்தா இது வந்திருக்காதே. ஏன் கொண்டு வரலை?”

மாயக்காள் என்னயப் பாத்தா. பாத்துட்டுக் குனிஞ்சுக்கிட்டா.

“நாந்தேன் அசந்து தூங்கிட்டேம்மா. கவனிக்கல.”

நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அது போதாதா? கூட வந்த எங்கக்கா பூமாரி அத ஊரெல்லாம் சொல்லிருச்சு. பெத்த புள்ளையப் பாக்காமத் தூங்கின சிறுக்கின்னு கொழாயடியில, கடையில, கோயில்ல பேசினாக. ஒரு வருசமாப் பேசினாக. ஊரு மேல எனக்குக் கோவங்கோவமா வந்துச்சு. தூ, எனக்கென்ன யோக்கியத இருக்கு கோவப்பட!

ஓவியாவுக்கு இப்ப ரெண்டு வயசு. காது கேக்காது. ஆனா புத்தி பூராவும் இருக்கு. என்னயக் கண்டா சிரிக்கும், எங்கிட்ட வரணும்னு கைய எடுக்கும். கை வேற எங்கிட்டோ போகும். திரும்ப எடுக்கும், திரும்பவும் போகும். அப்ப அது மூஞ்சியப் பாக்க முடியாது.

நேத்து மூணாம் வருசக் காப்பு. குளிச்சிட்டு வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிறேன், மாயக்காள் பையும் புள்ளையுமா வாசல்ல நிக்கிறா.

“நீங்க கட்டிக்கங்க. அதுக்கு முந்தி நாங்க எல்லையத் தாண்டிர்றோம்.”

கம்பத்துல இருக்கிற அவ அக்கா வீட்டுக்குப் போறாளாம். எப்ப வருவேன்னு கேட்டேன். நாலு மணி பஸ் வந்துச்சு, ஏறிட்டா.

கோயில்ல கூட்டம். கருத்தக்கண்ணன் கயிற எடுத்தாரு. அப்பத்தேன் எனக்கு வாய் தெறந்துச்சு. அவ தூங்கல, நாந்தேன் எல்லை தாண்ட விடல, அவ மேல ஒரு தப்பும் இல்லன்னு கத்தினேன். மேளம் நின்னுச்சு. எல்லாரும் பாத்தாக. பூமாரி அக்கா தலையக் குனிஞ்சுச்சு. கேக்க வேண்டியவ இந்நேரம் உத்தமபாளையம் தாண்டிருப்பா.

“சரிப்பா, நடந்தது நடந்துபோச்சு. கைய நீட்டு” ன்னாரு கருத்தக்கண்ணன்.

எம்மூளையில ஒரு கோளாறும் இல்ல. எல்லா எடமும் நல்லாருக்கு. நீட்டாதன்னு எனக்குள்ள சொன்னேன். திரும்பவும் சொன்னேன்.

கை நீண்டுச்சு. கட்டிவிட்டாரு.